முழுப்பேர், அரைப்பேர்: தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் எப்படிக் கணக்காகிறது?

அம்மா மலையிலிருந்து வந்ததும் நாங்கள் முதலில் கேட்பது "பேர் விழுந்துச்சாம்மா?" என்றுதான். சாப்பிட்டீங்களா, மழையில் நனைஞ்சீங்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "முழுப்பேர்" என்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கலகலப்பாக இருக்கும். "இன்னைக்கு அரைப்பேரு தான் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போனால், அந்த மாதக் கடைக் கடன் நோட்டு எங்கள் எல்லோர் மனதிலும் வந்து நிற்கும்.

கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் இந்தப் "பேர்" என்ற சொல்லை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். 2024இல் சம்பளம் ஏறியபோது, "தோட்டத் தொழிலாளிக்குத்தான் நாளுக்கு 1350 ரூபாய் ஆக்கிவிட்டார்களே, இன்னும் என்ன போராட்டம்?" என்று அவர்கள் கேட்டார்கள். பத்திரிகைத் தலைப்பில் வரும் அந்த எண்ணுக்கும், பத்தாம் தேதி அம்மா கையில் வாங்கும் காசுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன என்பது தெரியாததால் வரும் கேள்வி அது. இலங்கையின் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சம்பளம் எப்படி உருவாகிறது, அதைக் கூட்டிக் கேட்பது என்றால் எதைக் கேட்பது என்பதை ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பேர் என்பது வருகைப் பதிவு. தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கும் நேரே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் போட்ட பெரிய பதிவேடு உண்டு. செக்ரோல் என்பார்கள். அந்தக் கட்டத்தில் அன்றைய நாள் முழுதாக ஏறினால் முழுப்பேர், ஒரு நாள் சம்பளம். பாதியாக ஏறினால் அரைப்பேர், பாதிச் சம்பளம். வேலைக்குப் போனாலே பேர் விழுந்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாளில் இத்தனை கிலோ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நீண்ட காலமாக அது 18 கிலோ என்றே பேச்சு. பல தோட்டங்களில் 20, 22 என்று ஏற்றியிருக்கிறார்கள். அந்த அளவைத் தொட்டால்தான் முழுப்பேர். காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தாலும் 14 கிலோ என்றால் அரைப்பேர்.

பதினெட்டு கிலோ என்பது எவ்வளவு? ஓர் இலையையும் மொட்டையும் விரல் நுனியில் ஒடித்துப் பாருங்கள், எடையே தெரியாது. "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" என்று பெட்டிகளில் படம் போடுகிறார்களே, அப்படி ஆயிரக்கணக்கில் ஒடித்தால்தான் அந்தக் கணக்கு வரும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து, உருண்டு, வறுபட்டு ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆகிறது. ஒரு பெண் ஒரு நாள் முழுப்பேர் எடுத்தால், நாலு கிலோத் தூளுக்கான கொழுந்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள்.

அம்மாவின் நாள் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். கோதுமை மா பிசைந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, மதியத்துக்கும் அதிலேயே இரண்டைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வார். தம்பி சின்னவனாக இருந்தபோது அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு ஓடுவார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடும். இன்றைக்கு எந்த மலை என்பதும் அங்கேதான் தெரியும். "ஏழாம் நம்பர் மலை" என்றால் அம்மா முகம் மலரும். அது நடுக்கன்றுத் தேயிலை, செடி மட்டமாக, அடர்த்தியாகத் தளிர் விடும். "மேட்டு மலை" என்றால் முகம் சுண்டிவிடும். அங்கே இருப்பது வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. நடுநடுவே செடி செத்து வெற்றிடம், காலுக்குக் கீழே கான் (வடிகால்), புல்லுக்குள் அட்டை. இரண்டு மலைக்கும் கிலோ அளவு ஒன்றுதான்.

இடுப்பில் படங்கு என்ற தடித்த துணியைச் சுற்றிக் கட்டி, முதுகில் கூடை மாட்டி இறங்கினால் மதியம் முதல் நிறுவை. இந்த நிறுவையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பளப் பேச்சு எல்லாம் கொழும்பில் நடப்பதாகத் தோன்றினாலும், சம்பளம் உண்மையில் தீர்மானமாவது இந்தத் தராசடியில்தான். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கொழுந்து மூட்டை தராசில் தொங்கும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், ஓர் எண்ணைச் சொல்வார், எழுதுவார். அந்த எண் முள் காட்டிய எண்ணாக இருக்காது. சாக்கின் எடை, இலையில் உள்ள ஈரம், முற்றல் இலை என்று ஒன்றிரண்டு கிலோவைக் கழித்துத்தான் சொல்வார். மழை நாள் என்றால் கழிவு கூடும். சாக்குக்கு எடை இருக்கிறது, ஈரத்துக்கும் எடை இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒருவரின் வாய்ச்சொல்லாக இருக்கும்போது, ஒரு நாளைக்கு மூன்று நிறுவையில் இரண்டிரண்டு கிலோ போனால் ஆறு கிலோ போகிறது. 23 கிலோ பறித்தவள் 17 கிலோக்காரி ஆகிவிடுகிறாள். முழுப்பேர் அரைப்பேராகிறது. எங்கள் தோட்டத்தில் இப்படி நடந்து, அம்மா ஒருமுறை தராசின் முன்னாலேயே நின்று அழுதிருக்கிறார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வரும் வழியில் அதைப் பார்த்தேன்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். 2024இல் வந்த 1350 ரூபாயையே எடுப்போம். நாளுக்கு 1350 ரூபாய், மாதத்துக்கு 25 நாள் என்றால் 33,750 ரூபாய். வெளியில் இருப்பவர் மனதில் போடும் கணக்கு இது. ஆனால் பல தோட்டங்களில் மாதம் முழுக்க வேலை கொடுப்பதில்லை. ஒரு மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தது, அதில் 5 நாள் அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம். 15 முழுப்பேருக்கு 20,250 ரூபாய். 5 அரைப்பேருக்கு 3,375 ரூபாய். மொத்தம் 23,625. இதில் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரும் நூற்றுக்கு 8 வீதம், அதாவது 1,890 ரூபாய் கழிந்தால் 21,735. அதற்குப் பிறகு சங்கச் சந்தா, மாத நடுவில் வாங்கிய முற்பணம், தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை, தோட்டத்தில் வாங்கிய தேயிலைத்தூள், கோயில் வரி என்று சம்பளத் துண்டில் வரிசையாகக் கழிவுகள் இறங்கும். தீபாவளி முற்பணத்தைப் போனஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடன். நம் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.

ஆக, நாட்சம்பளம் என்று ஒரே எண்ணைச் சொல்வதே பாதி விஷயத்தை மறைத்துவிடுகிறது. நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை கிலோவுக்கு, எவ்வளவு கழிவு என்ற நான்கும் சேர்ந்ததுதான் சம்பளம். முதலாவதை உயர்த்திவிட்டு மற்ற மூன்றில் கை வைத்தால் தொழிலாளியின் பையில் ஒன்றும் கூடாது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் நடந்தது இதுதான். கிலோ அளவு ஏறியது, வேலை நாள் குறைந்தது.

அடுத்து, சம்பளத்துக்கு உள்ளேயே ஒரு பிரிவினை இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் வேறு, கொடுப்பனவு வேறு. பார்வைக்கு இரண்டும் காசுதான். ஆனால் சேமலாப நிதியும் ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. ஒரு பழைய உதாரணம் எடுக்கிறேன். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் அடிப்படை 500 மட்டும். 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு, மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் முக்கால் பங்குக்கு வந்திருந்தால்தான் கிடைக்கும். 140 ரூபாய் உற்பத்திக் கொடுப்பனவு, கிலோ அளவைத் தொட்டால்தான். மீதி 30 ரூபாய் தேயிலை விலைப் பங்கு.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போகாவிட்டால் அந்த மாதம் முழுக்க நாளுக்கு 60 ரூபாய் போய்விடக்கூடும். வந்த நாட்களுக்கும் சேர்த்து. அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. இலங்கைச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அது. முப்பது வருடம் மலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு 420 நாள் சம்பளம். 500 ரூபாயில் அது 2,10,000. 730 ரூபாயும் அடிப்படையாக இருந்திருந்தால் 3,06,600. ஒரே கையெழுத்தில், அடிப்படைக்கும் கொடுப்பனவுக்கும் நடுவே போட்ட ஒரு கூட்டல் குறியில், அவளுடைய வயதான காலத்திலிருந்து 96,600 ரூபாய் போய்விட்டது. சேமலாப நிதியிலும் அப்படித்தான். தொழிலாளியின் 8 வீதத்தோடு கம்பனி 12 வீதம் போட வேண்டும், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு 3 வீதம். அடிப்படை சிறியதாக இருந்தால் கம்பனி போட வேண்டியதும் சிறியது. கொடுப்பனவு கொடுக்க முன்வருகிறவர்கள் அடிப்படை என்றதும் ஏன் தயங்குகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

இந்த எண்களை யார் முடிவு செய்கிறார்கள்? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது கூட்டு ஒப்பந்தம். 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு, முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேசையில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவது வழக்கமானது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று தரப்பும் தொழிலாளர் பக்கம் கையெழுத்திட்டன. மற்றச் சங்கங்களுக்கும், அவற்றில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கும் மேசையில் இடமில்லை. இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. சம்பளத்தோடு வேலை நாள், கிலோ அளவு, மற்ற வசதிகள் எல்லாவற்றையும் பேச முடிந்தது. ஒரு தீமையும் இருந்தது. கம்பனி இழுத்தடித்தால் பழைய சம்பளமே ஓடிக்கொண்டிருக்கும். 2015இல் முடிந்த ஒப்பந்தம் 2016 ஒக்டோபர் வரை புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டாவது சம்பள நிர்ணய சபை. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் வந்தது இது. தொழிலாளர் பிரதிநிதிகள், முதலாளிமார் பிரதிநிதிகள், அரசு நியமிக்கும் ஆட்கள் என மூன்று தரப்பும் உட்கார்ந்து வாக்கெடுத்து, ஆகக்குறைந்த சம்பளத்தை முடிவு செய்து வர்த்தமானியில், அதாவது அரசிதழில், போடுவார்கள். இரு பக்கமும் சமமாக இருப்பதால் அரசு ஆட்களின் வாக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் முடிவு. வர்த்தமானியில் வந்துவிட்டால் அது சட்டம், கையெழுத்திடாத கம்பனியும் கொடுக்க வேண்டும். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த மற்ற விஷயங்கள் இங்கே பேசப்படுவதில்லை. கிலோ அளவு தோட்டத்தின் கையில் போய்விடுகிறது.

மூன்றாவது, எல்லாத் தொழிலுக்குமான தேசியக் குறைந்தபட்ச வேதனம். 2016இல் சட்டமாகி, மாதம் 10,000 ரூபாய், நாளுக்கு 400 ரூபாய் என்று தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் என் தோழிக்குக் கடையில் வியாபாரம் குறைந்த மாதத்திலும் அந்த 30,000 உண்டு. நாட்சம்பளக்காரிக்கு மழை பெய்தால், கொழுந்து குறைந்தால், வேலை கொடுக்காவிட்டால் அத்தனையும் அவள் தலையில். தேயிலைத் தொழிலின் நட்டத்தில் பெரும்பங்கை ஏற்கெனவே அவள்தான் தாங்குகிறாள். தோட்டத் தொழிலாளியையும் மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிப்பது இதனால்தான்.

சம்பளம் கேட்பது மலையகத்தில் இன்று நேற்று வந்ததில்லை. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கான முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்ததில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குக் குறைவு என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கூலி கேட்டதற்காக உயிர் போன அந்தப் பெயரை எங்கள் தோட்டங்களில் இன்றும் மே தினத்தில் சொல்வார்கள்.

ஆயிரம் ரூபாய்ப் போராட்டம் எங்கள் தலைமுறையினுடையது. 2015இல் எழுந்த கோரிக்கை. 2016இல் 730தான் கிடைத்தது. 2018இல் ஒப்பந்தம் மறுபடி முடிந்தபோது மலைகளில் வேலைநிறுத்தமும் கொடும்பாவி எரிப்பும் நடந்தன. அந்த வருடம் ஒக்டோபர் 24ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடினோம். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள்தான் எல்லோரும். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை, முகநூலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தோம். என் பக்கத்தில் நின்ற ஒரு பையன் புடவைக் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தான். கையில் அட்டை கூட இல்லை. "எங்கம்மாவுக்கு ஆயிரம் ரூபா" என்று மட்டும் கத்தினான். கடை திறக்க வேண்டும் என்று அரை மணி நேரத்தில் ஓடிவிட்டான்.

2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது, விலைப் பங்கு 50 சேர்த்து 750. வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் போய்விட்டன. 730 எடுத்தவருக்கு 20 ரூபாய்தான் கூடியது என்று பலர் கோபப்பட்டார்கள், நானும்தான். ஆனால் மேலே சொன்ன பணிக்கொடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடிப்படை 500இலிருந்து 700 ஆனது சிறிய விஷயமில்லை. அதை எங்களுக்கு யாரும் அப்போது விளக்கிச் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் வரவுசெலவுத்திட்ட நிவாரணப் படியும் சேர்ந்து ஆயிரம் வந்தது. கேட்டு ஆறு வருடம் கழித்து. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன.

வந்த ஆயிரத்தை 2022 விழுங்கிவிட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. ரொட்டிக்கு மா வாங்க முடியாமல் மரவள்ளிக் கிழங்கு அவித்த நாட்கள் அவை. சம்பளம் மட்டும் 2024 செப்டெம்பர் வரை ஆயிரத்திலேயே நின்றது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பனிகள் உச்ச நீதிமன்றம் போய் ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. கடைசியில் செப்டெம்பரில் அடிப்படை 1350 என்று முடிந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்தில் அதை 1550 ஆக்கவும், அரசே நாளுக்கு 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகை கொடுக்கவும் முன்மொழிந்தார்கள். வாசிக்கிறவர் இப்போது தாமாகவே கேட்பார் என்று நினைக்கிறேன்: 1550 அடிப்படை, சரி; அந்த 200க்கு என்ன நிபந்தனை, அது சேமலாப நிதிக்குக் கணக்காகுமா?

கம்பனிகள் சொல்வதையும் வைக்க வேண்டும். தேயிலைக்கு விலை வைப்பது கொழும்பு ஏலம், எங்கள் கையில் இல்லை என்கிறார்கள். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிதான் என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை இன்று சிறுதோட்டக்காரர்கள் கொடுக்கிறார்கள் என்பதும், பெருந்தோட்டத்தில் ஓர் ஆள் பறிக்கும் கொழுந்து குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஆள் குறைவாகப் பறிப்பதற்குச் செடியும் ஒரு காரணம். நூறு வருட விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டிருக்க வேண்டியது யார்? கவ்வாத்து வெட்டவும், புல் எடுக்கவும், உரம் போடவும் ஆளைக் குறைத்தது யார்? காடு மண்டிய மலையில் பாம்புக்கும் குளவிக்கும் பயந்துகொண்டு பறிக்கிறவளிடம் 20 கிலோ கேட்பது நியாயமில்லை. குளவி கொட்டி ஆட்கள் இறந்த செய்தி மலையகத்தில் வருடம் தவறாமல் வருகிறது.

சம்பளத்தைக் கிலோவுக்கு மட்டும் என்று மாற்றி, செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறையைக் கம்பனிகள் இப்போது முன்வைக்கின்றன. உங்கள் செடி, உங்கள் வருமானம் என்று கேட்க நன்றாக இருக்கும். நிலம் யார் பெயரில், கிலோ விலையை யார் வைப்பார், சேமலாப நிதி உண்டா, மகப்பேற்று விடுமுறை உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

இனி, ஒரு குடும்பம் தன் அளவில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். பெரிய போராட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் இது தேவை. சம்பளத் துண்டை எறியாதீர்கள். அதில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், சேமலாப நிதி எந்தத் தொகையின் மேல் பிடிக்கப்பட்டது, கழிவுகள் எவை என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையால் வாசித்துச் சொல்ல முடியும். பிடித்த சேமலாப நிதியைக் கம்பனி உண்மையில் கட்டியதா என்பதை அங்கத்துவ எண்ணைக் கொண்டு தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம். கட்டாவிட்டால் முறைப்பாடு கொடுக்கலாம், அதற்குக் காசு தேவையில்லை. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் தன் சங்கத் தலைவரிடம் "கிலோ அளவை யார், எந்தக் கடிதத்தில் ஏற்றினார்கள்?" என்று கேட்கும் உரிமை இருக்கிறது. தனியாகக் கேட்டால் "இவளுக்கு வாய் கூடிப்போச்சு" என்பார்கள், அடுத்த நாள் மேட்டு மலைக்கு அனுப்புவார்கள். ஆகவே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்க வேண்டும், கேட்டதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் லயத்தில் தொடங்கியது ஒரு கொப்பியில். 2023இல் நான் விடுமுறைக்குப் போனபோது அம்மாவுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தராசு முள் காட்டியது எவ்வளவு, கணக்கப்பிள்ளை எழுதியது எவ்வளவு என்று இரண்டே பத்தி. அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் நன்றாக வரும். தம்பி அந்தி நேரத்தில் கேட்டுக் கேட்டு எழுதினான். இரண்டாவது மாதம் பக்கத்துக் காம்பரா அத்தையும் எழுதத் தொடங்கினார். ஐந்தாவது மாதம் ஒன்பது கொப்பிகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மாதர் சங்கத் தலைவியோடு எல்லோரும் தோட்டக் காரியாலயத்துக்குப் போனார்கள். கூட்டிப் பார்த்தால் ஒருத்திக்கு ஒரு மாதத்தில் எழுபது கிலோவுக்கு மேல் கழிவு. தோட்டத்து மேலாளரான துரை கொப்பிகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளில் இரண்டு கிலோ, அதற்கு மேல் இல்லை என்று நிறுவை நடக்கும் மடுவத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

கிலோ அளவு இன்னும் இறங்கவில்லை. மேட்டு மலையில் புதுக்கன்றும் நடவில்லை. போன வாரம் தொலைபேசியில் அம்மா சொன்னது: "மழை புள்ள. இருபத்தொன்னு காட்டுச்சு, பத்தொம்பது எழுதுனாங்க. தம்பி கொப்பியில போட்டுட்டான்."